கலங்கரை விளக்கமும் விண்மீன்களும் ஒரே படத்தில்

சென்னைக் கடற்கரைக்குச் சூரியன் மறையும் காட்சியைப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. நம் சூரியன் கடலில் மறைவதில்லை. நமக்கு முதுகுப் புறத்தில், வீடுகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் இடையே எங்கோ மறைந்து விடுகிறது. ஆனால் அது மறைந்த மறு நிமிடம் முதல் கிழக்கே, வங்கக் கடலின் மேல் ஒரு காட்சி தொடங்குகிறது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கடலோரச் சாலையில் நாள்தோறும் போய் வருகிறவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

வானம் தெளிவாக உள்ள ஒரு மாலையில் கிழக்குத் தொடுவானத்தைப் பாருங்கள். கடலை ஒட்டி, கருநீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை தெரியும். அதன் மேல் விளிம்பில் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே உள்ள கருநீலப் பட்டையை மேகம் என்றோ கடற்பனி என்றோ எண்ணிவிடாதீர்கள். அது பூமியின் நிழல்! நாம் நிற்கும் இந்த உருண்டை தன் நிழலைக் காற்று மண்டலத்தின் மீது வீழ்த்துகிறது. மேற்கே சூரியன் ஒரு பாகை இறங்கினால் கிழக்கே நிழல் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். சென்னையில் சூரியன் ஒரு பாகை இறங்க ஏறத்தாழ 4 நிமிடம் ஆகிறது. கால் மணி நேரத்தில் அந்தப் பட்டை பெருகி, மங்கி, இரவோடு கலந்துவிடும். மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்குக் கடலில் சூரியன் மறையும் காட்சி கிடைக்கிறது என்றால், நமக்குக் கடலிலிருந்து பூமியின் நிழல் எழும் காட்சி கிடைக்கிறது. நம் பங்கு குறைந்ததன்று என்பது என் கருத்து.

இனிப் படமெடுப்பதைப் பார்ப்போம். கலங்கரை விளக்கத்தையும் விண்மீன்களையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்று பல மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். கையில் நல்ல காமிரா இருந்தும் பலருக்கு இது கைகூடுவதில்லை. விளக்கு வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. விண்மீனோ ஒன்றுகூட விழுவதில்லை. குறை காமிராவில் இல்லை. ஒளியின் நடத்தையைச் சற்றுப் புரிந்துகொண்டால் போதும்.

முதலில் நேரம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை வெளியில் செய்தித்தாள் படிக்கலாம். 12 பாகை இறங்கும்வரை உள்ள நேரத்தை மாலுமிகளின் அந்தி என்பார்கள். 18 பாகை இறங்கிய பின்னரே வானியலார் இரவு தொடங்கியதாக ஒப்புக்கொள்வார்கள். பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் நம் ஊரில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. எனவே அந்தியும் குறுகியது. மார்ச், செப்டம்பர் மாதங்களில், சூரியன் மறைந்து சுமார் 21 நிமிடத்தில் முதற்கட்டமும், 46 நிமிடத்தில் இரண்டாம் கட்டமும், 70 நிமிடத்தில் மூன்றாம் கட்டமும் முடிந்துவிடுகின்றன. மற்ற மாதங்களில் சில நிமிடங்கள் கூடும்.

மாலுமிகளின் அந்தி என்ற பெயர் எப்படி வந்தது? நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தை அறிய, விண்மீன் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் உள்ளது என்று அளக்க வேண்டும். இதற்கு விண்மீனும் தெரிய வேண்டும். தொடுவானக் கோடும் தெரிய வேண்டும். பகலில் விண்மீன் இல்லை. நள்ளிரவில் தொடுவானம் இல்லை. இரண்டும் சேர்ந்து தெரிவது இந்த இருபத்தைந்து நிமிடம் மட்டுமே. நமக்கு வேண்டியதும் இதே நேரம்தான் அல்லவா? கலங்கரை விளக்கத்தின் உருவம், கடலின் கோடு, முதல் விண்மீன்கள் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் விழும் நேரம் இது.

இந்த நேரத்தில் வான ஒளி எவ்வளவு விரைவாகக் குறைகிறது தெரியுமா? ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. காமிராவின் துவாரத்தை எஃப்/5.6 என்றும் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100 என்றும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, சூரியன் மறைந்த 20 நிமிடத்தில் 2 வினாடி போதும் என்று கண்டால், 23-ஆம் நிமிடத்தில் 4 வினாடி, 26-இல் 8 வினாடி, 29-இல் 16 வினாடி என்று ஏறும். ஆகவே முக்காலி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பொருளில்லை. ஒரு படத்துக்குச் சரியாக இருந்த கணக்கு அடுத்த படத்துக்குப் பழைய கணக்காகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விளக்கின் கதை

சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் கூரைமீது எண்ணெய் விளக்காக எரிந்தது. 1844-இல் அதன் பணியை ஒரு கருங்கல் தூண் ஏற்றது; உயர்நீதிமன்ற வளாகத்தில் அத்தூண் இன்றும் நிற்கிறது. 1894-இல் விளக்கு உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கே ஏறியது. நீதி வழங்கும் கட்டடத்தின் உச்சியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு என்பது உலகில் அதிகம் காணக் கிடைக்காத ஏற்பாடு. 1977-இல் மெரீனாவின் தென்கோடியில் இப்போதுள்ள சிவப்பு வெள்ளைக் கோபுரத்துக்கு அந்தப் பணி மாறியது.

இந்தக் கோபுர விளக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரத்தில் உள்ளது. 10 வினாடிக்கு இரண்டு முறை மின்னும். 28 கடல்மைல், அதாவது சுமார் 52 கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும் என்று குறித்திருக்கிறார்கள். அப்படியானால் காசிமேட்டிலிருந்து படகில் போகிற மீனவருக்கும் 52 கிலோமீட்டரில் தெரியுமா? தெரியாது. பூமி உருண்டையாயிற்றே!

கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 57 மீட்டருக்கு 27 கிலோமீட்டர். படகில் நிற்பவரின் கண் கடல்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் என்றால் அவருக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 32. காற்றில் ஒளி சற்று வளைவதால் இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடலாம். அதற்கு அப்பால் விளக்கு எத்தனை வலிமையுள்ளதாக இருந்தாலும் பூமியின் முதுகு அதை மறைத்துக்கொள்ளும். 52 கிலோமீட்டரில் பார்க்க வேண்டுமானால், கணக்குப்படி கண் சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் விளக்கு நேரே தெரியுமுன்பே, அதன் ஒளிக்கற்றை காற்றிலுள்ள துளிகளில் பட்டுச் சிதறுவதால், தொடுவானத்துக்கு மேலே ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு எழுந்து அமர்வதைப் படகிலிருப்பவர் காண முடியும்.

விளக்கு ஏன் மின்ன வேண்டும்? கரையில் ஆயிரம் விளக்குகள் எரிகின்றன. அவற்றில் எது கலங்கரை விளக்கம் என்று எப்படி அறிவது? வெளிச்சத்தால் மட்டும் அறிய முடியாது; தாளத்தால்தான் அறிய வேண்டும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு தாளம் குறிக்கப்பட்டுள்ளது. அதை எண்ணிப் பார்த்து, இது சென்னை, இது வேறு ஊர் என்று மாலுமி தெரிந்துகொள்கிறார். பெரும்பாலான கலங்கரை விளக்கங்களில் விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லை, எரிந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள லென்ஸ் சுழல்கிறது. 1820-களில் பிரான்சு நாட்டு ஃபிரெனெல் அமைத்த வளைய லென்ஸ் ஒளியை ஒரு மெல்லிய கற்றையாகத் திரட்டிவிடும். அக்கற்றை நம் கண்ணைக் கடக்கும் கணமே நமக்கு மின்னலாகத் தெரிகிறது.

படமெடுப்பவருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. 30 வினாடி திறந்து வைத்தால் மெரீனா விளக்கு ஆறு முறைதான் நம் காமிராவைப் பார்க்கும். மீதி நேரமெல்லாம் வானத்தின் ஒளி மட்டும் சேர்கிறது. மாறாக, தெருவிளக்கு முப்பது வினாடியும் விடாமல் எரிந்து படத்தைச் சுட்டுவிடும். காமிராவின் அருகே நிற்கும் ஒரு தெருவிளக்குத் தொலைவிலுள்ள கலங்கரை விளக்கத்தைவிடப் பெரிய பகை என்பதை முதல் முயற்சியிலேயே காண்பீர்கள்.

புள்ளியும் பரப்பும்

பாடநூல்களில் விடுபட்டுப்போகும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். வானம் ஒரு பரப்பு; விண்மீன் ஒரு புள்ளி. காமிராவுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

வானம் படத்தில் எவ்வளவு வெளுப்பாக விழும் என்பது எஃப் எண்ணைப் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸும் 25 மில்லிமீட்டர் லென்ஸும் இரண்டுமே எஃப்/2 என்றால், வானம் இரண்டிலும் ஒரே அளவு வெளுப்பாகும். ஆனால் விண்மீனின் ஒளி எவ்வளவு பரப்பில் நுழைந்தாலும் ஒரே புள்ளியில் வந்து குவிகிறது. ஆகவே அங்கே கணக்குத் துவாரத்தின் உண்மையான விட்டத்தைப் பொறுத்தது. முதல் லென்ஸின் விட்டம் 25 மில்லிமீட்டர். இரண்டாவதன் விட்டம் 12.5. பரப்பில் நான்கு மடங்கு வேறுபாடு! அதே நேரத்தில் முதல் லென்ஸ் நான்கு மடங்கு விண்மீன் ஒளியைச் சேர்க்கும். வானமோ கூடுதலாக வெளுக்காது. நகரத்து வானத்தில் விண்மீனை மீட்டெடுக்க இதுவே நல்ல வழி. அகன்ற காட்சியே வேண்டும் என்று மிகச் சிறிய லென்ஸைத் தேடுவது கண்ணுக்கு அழகு, விண்மீனுக்கு நட்டம்.

இதற்கும் ஒரு தடை உண்டு. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 10 வினாடி திறந்தால் விண்மீனின் பிம்பம் சுமார் 0.036 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். தலைமயிரின் பருமனில் பாதி. அதற்கு மேல் போனால் புள்ளி கோடாகத் தொடங்கும். 25 மில்லிமீட்டர் லென்ஸில் 20 வினாடிவரை தாக்குப்பிடிக்கலாம். இந்த எல்லையைத் தாண்டிய பிறகு எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் விண்மீன் மேலும் பிரகாசமாவதில்லை; அதன் ஒளி அடுத்தடுத்த இடங்களில் விழுகிறது. வானமோ அதே இடத்தில் ஒளியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முடிவில் வானம் வெளுத்து, விண்மீன் அதில் மூழ்கிவிடும்.

கோடாகவே எடுக்க விரும்பினால், அரைமணி நேரத்துக்கு ஒரே படமாக எடுக்காமல் 20 அல்லது 30 வினாடிப் படங்களாக வரிசையாக எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் மிகுந்த ஒளி காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும்படி செய்தால் வானம் கறுப்பாகவே நிற்கும். விண்மீன்கள் கோடு இழுக்கும். கிழக்கு நோக்கி எடுத்த படத்தில் இக்கோடுகள் தொடுவானத்துடன் சுமார் 77 பாகைக் கோணத்தில், வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறும். இந்தக் கோணம் 90-லிருந்து நம் ஊரின் அட்சரேகையான 13-ஐக் கழித்தது. லண்டனில் எடுத்தால் கோடுகள் 38 பாகையில் படுத்துக்கொண்டு ஏறும். படத்தின் மேல் ஒரு கோணமானியை வைத்து ஊரின் அட்சரேகையைச் சொல்லிவிடலாம் என்பது வகுப்பில் மாணவர்கள் மிகவும் விரும்பும் கணக்கு.

வடக்கே என்ன தெரிகிறது?

துருவ மீன் தொடுவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில் நிற்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஒரு முட்டியும் சற்று மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் நின்று அந்தத் திசையில் பார்த்தால் உங்கள் முன்னே இருப்பது எண்ணூர், அத்திப்பட்டு, இடப்பக்கம் மணலி. மின்நிலையங்கள், துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் அந்தத் திசையில் விளக்குகளுக்கும் புகைக்கும் குறைவில்லை.

தலைக்கு நேர்மேலே உள்ள விண்மீனின் ஒளி ஓர் அடுக்குக் காற்றைக் கடந்து வருகிறது என்றால், 13 பாகை உயரத்திலிருந்து வரும் ஒளி 4.4 அடுக்குக் காற்றைக் கடக்க வேண்டும். சுத்தமான கடற்கரைக் காற்று ஓர் அடுக்கில் கால்பங்கு ஒளியை எடுத்துக்கொள்வதாக வைத்தால், 4.4 அடுக்கைக் கடந்து வருவது நூற்றுக்கு 28 பங்கு. தூசும் புகையும் சேர்ந்து ஓர் அடுக்கில் நூற்றுக்கு 40 பங்கை விழுங்கினால், வந்து சேர்வது 11 பங்குக்கும் குறைவு. அந்தக் கொஞ்சமும் விளக்கொளியில் வெளுத்த வானத்தின் ஊடே தெரிய வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேர் துருவ மீனைப் பாடநூலின் படத்துக்கு வெளியே பார்த்திருப்பார்கள்?

நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வு நிலையம் இருந்தது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது தென்வானில் உள்ள ஒரு விண்மீன். சென்னையில் அது மிக உயர எழும்போதும் தொடுவானத்துக்கு மேல் 14 பாகைதான். தொலைநோக்கியின்றிக் காண இயலாத அந்த மங்கலான புள்ளியை, துருவ மீன் நிற்கும் அளவு தாழ்ந்த வானத்தில், நகரின் நடுவிலிருந்து அவர் பின்தொடர முடிந்தது. வானாய்வுப் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மஞ்சள் சோடியம் விளக்குகளின் இடத்தை வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துவிட்டன. மின்சாரம் மிச்சமாகிறது, நல்லதே. ஆனால் அவற்றின் ஒளியில் நீலம் மிகுதி. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சோடிய மஞ்சளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறடிக்கின்றன. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் ஒரே நிறத்தை ஒட்டி இருந்ததால் ஒரு வடிகட்டியால் அதை விலக்க முடிந்தது. வெள்ளை ஒளியை அப்படி விலக்க முடியாது. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவுப் பணிக்குப் போகும் தொழிலாளிக்குத் தெருவிளக்கு வேண்டும். படகிலிருந்து மீன் இறக்குபவருக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் வானத்தைப் பார்த்து எரியும் விளக்கால் யாருக்குப் பயன்? மேலே ஒரு மூடி போட்டால் தரைக்கும் கூடுதல் ஒளி கிடைக்கும். கடலிலிருந்து பார்ப்பவருக்குக் கரை விளக்குகளின் கூச்சம் குறைந்து, வழிகாட்டும் விளக்கும் தெளிவாகத் தெரியும்.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கைப்பேசிக் காமிராவைக் கொண்டே அளக்கலாம். அமாவாசையை ஒட்டிய, மேகமில்லாத ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். காமிராவைக் கைமுறை அமைப்பில் வைத்து, விளக்கு எதுவும் நேரே படாதபடி கிழக்கு வானத்தின் நடுப்பகுதியை நோக்கி நிலையாகப் பொருத்துங்கள். சூரியன் மறைந்ததிலிருந்து 3 நிமிடத்துக்கு ஒருமுறை, வானம் ஒரே வெளுப்பில் விழுவதற்கு எத்தனை வினாடி வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரம் எல்லையைத் தொட்டுவிட்டால் உணர்திறனை இரண்டு மடங்காக்கி, அதையும் கணக்கில் சேருங்கள். வரைபடத்தாளில் கிடையச்சில் நிமிடமும், குத்தச்சில் எத்தனை முறை இரட்டித்தது என்பதும் இருக்கட்டும்.

கோடு முதலில் நேராக ஏறும். பிறகு ஓரிடத்தில் வளைந்து படுத்துவிடும். வானம் இருண்டுகொண்டேதான் போகிறது. ஆனால் நகரத்தின் ஒளி அதற்கு மேல் இருட்ட விடுவதில்லை. ஓர் ஊரில் கோடு 45-ஆம் நிமிடத்தில் படுக்கிறது, உங்கள் தெருவில் 36-ஆம் நிமிடத்திலேயே படுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடம் என்றால் மூன்று இரட்டிப்பு. உங்கள் தெருவின் வானம் எட்டு மடங்கு வெளிச்சம். பள்ளி அறிவியல் மன்றத்தார் இராயபுரம், திருவொற்றியூர், பழவேற்காடு என்று மூன்று இடங்களில் ஒரே மாலையில் இதைச் செய்து பார்த்தால் பயனுள்ள ஒப்பீடு கிடைக்கும்.

இன்னொரு சோதனை வேடிக்கையானது. படத்தில் கலங்கரை விளக்கத்தின் தாளம் தொலைந்துபோகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். முக்காலியின் மேல் காமிராவை வைத்து, 20 வினாடி திறந்துவிட்டு, இடமிருந்து வலமாக மிக மெதுவாகத் திருப்புங்கள். படத்தில் இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு புள்ளி என்று தாளம் எழுதப்பட்டிருக்கும்! அதே காமிராவை ஒரே வினாடியில் விரைவாகத் திருப்பினால், சோடியம் விளக்குகள் துண்டு துண்டான கோடாக விழும். நம் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒளி ஏறி இறங்குவதால் நூறு துண்டுகள். மின்கலத்தில் எரியும் டார்ச்சு விளக்குத் தொடர்ச்சியான கோடு போடும்.

எங்கே நிற்பது? துறைமுக வளாகங்களுக்குள் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது. பொதுச் சாலையும் கடற்கரையுமே நமக்குரியவை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தங்கி மெரீனா அகன்றது. இராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. அதனால்தான் அப்பகுதியில் மணலுக்குப் பதில் பாறைக் குவியலைக் காண்கிறோம். அந்தப் பாறைகள் ஈரத்தில் வழுக்கும். இருட்டில் அவற்றின் மேல் முக்காலி போடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்துவிட்டுச் சாலையோரத்திலேயே நில்லுங்கள். துறைமுக வாயிலைக் குறிக்கும் சிறு விளக்குகள் படத்தில் விழுந்தால் நிறத்தைக் கவனியுங்கள்: உள்ளே வரும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் இதே முறைதான்.

கடற்காற்றில் உப்புத்துளி உண்டு. அரைமணி நேரத்தில் லென்ஸின் மேல் மெல்லிய படலம் படிந்து, ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். அதை வேட்டித் தலைப்பாலோ சட்டையாலோ துடைத்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் சுத்தமான நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

முதல் முயற்சிக்குத் தென்திசையைச் சொல்வேன். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் அகத்திய மீன் தென்வானில் 24 பாகை உயரத்தில், தன் உச்சியில் நிற்கும். இரவு வானில் ஒளியில் இரண்டாம் இடம் அதற்கு. முதல் இடம் பெற்ற சிரியஸ் அதற்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும். நகரத்தின் வெளிச்சத்தையும் மீறி இவ்விரண்டும் 10 வினாடியில் படத்தில் விழும்.